கிடந்தபாட்டில் கிடக்கும் பிராணி உண்டா?

சென்ற நோன்புப் பெருநாளன்று தம்பியின் கையில் பெருநாள் காசு நாலாயிரத்துச் சொச்சம் சேர்ந்திருந்தது. அவனுக்கு எட்டு வயது. பகல் சாப்பாடு முடிந்ததும் வாப்பாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எனக்கு முயல் ஒன்டு வேணும்" என்றான். வாப்பா பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "முயலெல்லாம் பெரிய வேல மகன். வேலயில்லாத ஏதாவது பாருங்க" என்றார். குசினியில் நின்ற உம்மா ஒன்றும் சொல்லவில்லை. நான் உம்மாவின் முகத்தைத்தான் பார்த்தேன். ஏழு வருடங்களுக்கு முன்னர் எங்கள் அலுமாரிக்கு மேலிருந்த உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம் எனக்கு ஞாபகம் வந்தது.

அப்போது நான் தரம் 5. புலமைப்பரிசில் பரீட்சை எழுதி முடித்ததற்காகக் கொழும்பிலிருந்து வந்த மாமா அந்தக் கிண்ணத்தையும் அதற்குள் ஒரு தங்கமீனையும் வாங்கித் தந்தார். "ஒரு வேலையுமில்ல, கிடந்தபாட்டுல கிடக்கும்" என்று கடைக்காரர் சொன்னாராம். உண்மையாகவே அது கிடந்தபாட்டில்தான் கிடந்தது. ஒரு வருடத்துக்கு மேல் என் மீன் உயிரோடிருந்ததாக வகுப்பில் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். இடையிலே ஒரு நாள் மட்டும், "உம்மா, மீன் ஏன் மெலிஞ்சு பெய்த்து?" என்று கேட்டிருக்கிறேன். "அதுவும் நோன்பு பிடிக்குது போல" என்றார் உம்மா. நானும் நம்பினேன்.

சாதாரண தரப் பரீட்சை எழுதிய வருடத்தில்தான் உண்மை தெரிய வந்தது. கலியாண வீடொன்றில் சாச்சி வாய்தவறிச் சொல்லிவிட்டார். அந்த மீன் மூன்று தரம் இறந்திருக்கிறது. மூன்று தரமும் சுபஹுக்கு எழும்பிய உம்மாதான் அதைக் கண்டு, நான் எழும்புவதற்கு முன் எடுத்துப் புதைத்து, பக்கத்து வீட்டுக் காக்காவிடம் காசு கொடுத்தனுப்பி அதே நிறத்தில் வேறொன்றை வாங்கி விட்டிருக்கிறார். கிண்ணத்தை வாரா வாரம் கழுவியதும் உம்மாதான். அப்போது தம்பி இடுப்பிலிருக்கும் குழந்தை. ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் கிண்ணமுமாக உம்மா கிணற்றடியில் நின்றதை நானும் பலமுறை கண்டிருக்கிறேன். கண்டும் அது என் மீனின் வேலை என்று எனக்குத் தோன்றியதேயில்லை.

ஆகவே, "அதிகம் பராமரிப்புத் தேவைப்படாத செல்லப்பிராணி" என்று யாராவது சொன்னால், யாருடைய பராமரிப்பு என்று நான் முதலில் கேட்பேன். நம்முடைய வீடுகளில் பிள்ளை கேட்கிறது, வாப்பாவோ மாமாவோ வாங்கிக் கொடுக்கிறார், மூன்றாம் வாரத்திலிருந்து உம்மா பார்க்கிறார். வேலை குறையவில்லை. கைதான் மாறியிருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளை தன் இரு கைகளால், பெரியவர்களின் உதவி பெரிதாக இல்லாமல், நாள்தோறும் செய்து முடிக்கக்கூடிய வேலை எந்தப் பிராணிக்குப் போதுமோ அதையே முதல் பிராணியாகத் தெரிவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து. சிறிய பிராணி என்பதற்காக வேலை சிறியதாகிவிடாது.

தங்கமீன் இதற்கு நல்ல சாட்சி. கடையில் விரல் நீளத்தில் இருப்பது, சரியாக வளர்ந்தால் 15 சென்ரிமீற்றரையும் தாண்டும். பத்து வருடங்களுக்கு மேலும் வாழும். கெண்டை இனத்தைச் சேர்ந்த அதைச் சிறு கிண்ணத்தில் விடுவது, ஆட்டைக் கோழிக்கூட்டில் கட்டுவது போல. உயர்தரத்தில் உயிரியல் படிக்கத் தொடங்கிய பிறகுதான் என் மீன்கள் ஏன் இறந்தன என்று எனக்கு விளங்கியது. மீனின் கழிவிலிருந்து நீரில் அமோனியா சேருகிறது. அது நஞ்சு. ஒருவகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக மாற்றும். அதுவும் நஞ்சுதான். வேறொருவகை அதை நைத்திரேற்றாக மாற்றும்போதுதான் பெரும் ஆபத்து நீங்குகிறது. இந்தப் பற்றீரியாக்கள் கல்லிலும் கண்ணாடியிலும் ஒட்டிப் பெருகப் புதிய தொட்டியொன்றில் ஒரு மாதம், ஒன்றரை மாதம்கூட ஆகும். எங்கள் உம்மாவோ பாத்திரம் கழுவுவதைப் போல வாரந்தோறும் கிண்ணத்தையும் கற்களையும் தேய்த்துப் பளபளவென்று வைத்தார். ஒவ்வொரு வாரமும் நீர் புதிது, நஞ்சை மாற்றும் பற்றீரியா ஒன்றுமில்லை. உம்மாவின் சுத்தமே மீனுக்கு வினையாகிவிட்டது. இதை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. இந்தச் சஞ்சிகையில் வாசித்தால் வாசிக்கட்டும்.

தம்பி கேட்ட முயலுக்கு வருவோம். வாப்பா சொன்னது சரி. முயலின் பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும், அவை தேய நாள் முழுக்கப் புல் வேண்டும். சூடு அதற்கு ஆகாது. நம்முடைய கிழக்குக் கரையின் வைகாசி வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே ஒரு கூட்டில் அது படும் பாட்டை நினைத்துப் பாருங்கள். லவ்பேர்ட்ஸ் என்று நாம் சோடியாக வாங்குபவை அவுஸ்திரேலியாவில் பெருங்கூட்டமாகப் பறக்கிற சிறு கிளிகள். ஒரு முழக் கூட்டுக்குள் அவற்றை வைத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. சிலர் கோபிக்கலாம். உள்ளங்கையளவு நீராமைக் குட்டிகள் இப்போது பல கடைகளில் உண்டு. அவை தட்டளவுக்கு வளர்வதோடு சல்மொனெல்லா என்ற கிருமியையும் காவக்கூடியவை. சிறு பிள்ளைகள் அவற்றைக் கையிலெடுத்து நோய்வாய்ப்பட்டதால்தான் அமெரிக்காவில் நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளின் விற்பனையை 1975 இல் தடை செய்தார்கள். நம் காட்டோரங்களில் அகப்படும் நட்சத்திர ஆமையை "சும்மா வளவில கிடக்கும்" என்று கொண்டுவந்து வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அது இலங்கைச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பிராணி, வீட்டில் வைத்திருப்பது குற்றம். 2019 இல் அதன் சர்வதேச வர்த்தகத்துக்கும் தடை வந்துவிட்டது.

பூனையைப் பற்றி இங்கே எழுதவில்லை. பூனையை யாரும் தெரிவு செய்வதில்லை, அதுதான் வீட்டைத் தெரிவு செய்துகொண்டு வருகிறது.

நான் தம்பிக்குச் சொன்னது கப்பி மீன். இதைக் கேட்டதும் அவன் முகம் சுருங்கிப் போனது. காணில் கிடக்கிற மீனா என்று கேட்டான். காணில் கிடப்பது உண்மைதான். நுளம்புக் குடம்பிகளைத் தின்னும் என்பதற்காக இந்த நாட்டில் கிணறுகளிலும் தொட்டிகளிலும் காண்களிலும் விட்ட மீன் அது. ஆனால் அதன் ஊர் தென்னமெரிக்காவின் வடகரையும் திரினிடாத் தீவும். 1866 இல் திரினிடாத்திலிருந்து அதை லண்டன் நூதனசாலைக்கு அனுப்பி வைத்தவரின் குடும்பப் பெயர்தான் கப்பி. வளர்ப்பில் அதன் வாலுக்கு வராத நிறமில்லை. இலங்கையிலிருந்து வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகும் அலங்கார மீன்களில் அதுவும் ஒன்று. இவ்வளவையும் சொன்ன பிறகு அவன் கொஞ்சம் இறங்கி வந்தான்.

எனக்குக் கப்பி பிடித்ததற்குக் காரணங்கள் வேறு. குளிர்நாட்டில் மீன்தொட்டிக்கு நீரைச் சூடாக்கும் கருவி வேண்டும். நமக்கு வெயிலே போதும். கொஞ்சம் வன்மையான நீர் கப்பிக்கு ஒத்துக்கொள்ளும், ஆகவே நம் கரையோரக் கிணற்று நீர் பெரும்பாலும் சரிவரும். கிணற்று நீரில் குளோரீனும் இல்லை. குழாய் நீர் பாவிப்பவர்கள் அதை அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்ற வேண்டும். விறாந்தையின் ஓரத்தில், வெயில் நேரே விழாத இடத்தில், நாற்பது லீற்றர் கொள்ளும் பழைய பேசின் ஒன்றை வைத்தோம். தரம் 11 இல் ஒளித்தொகுப்புப் பரிசோதனைக்கு எடுத்தோமே, அந்த ஐதரில்லா ஒரு கைப்பிடி போட்டோம். இரண்டு வாரம் அப்படியே விட்டு, பிறகு இரண்டு மீன், இன்னும் இரண்டு வாரத்தில் மூன்று மீன். காகத்துக்கும் மீன்கொத்திக்கும் பயந்து மேலே வலைத் துண்டொன்று.

ஐந்தும் ஆண் மீன்கள். இதை மறந்துவிடாதீர்கள். கப்பி முட்டையிடுவதில்லை, குட்டி போடும். ஒரே தரத்தில் இருபது முப்பது கூட வரும். ஏறத்தாழ நாலு வாரத்தில் திரும்பவும் வரும். ஒரு பெண் மீன் தனியாக வந்தாலும், கடையிலேயே கருக்கட்டியிருந்தால், மாதக்கணக்கில் குட்டி போட்டுக்கொண்டிருக்கும். பிறகு பேசின் கொள்ளாது என்று யாராவது வாளியோடு வாவிக்குக் கிளம்புவார்கள். அது பெரும் பிழை. தொட்டியைச் சுத்தமாக்கும் என்று சொல்லி விற்ற கருநிற மீன், வளர்ந்து பெரிதானதும் இப்படித்தான் வெளியே கொட்டப்பட்டு, இன்று நாட்டின் நீர்த்தேக்கங்களில் பெருகி மீனவர்களின் வலைகளைக் கிழிக்கிறது.

தம்பியின் வேலை இவ்வளவுதான். காலையில் பாடசாலைக்குப் போகுமுன் ஒரு சிட்டிகை தீன், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலில் ஒரு பங்கு நீரைக் கோப்பையால் அள்ளி மாதுளைக்கு ஊற்றிவிட்டு, கிணற்று நீர் விடுவது. பேசினைத் தேய்த்துக் கழுவக் கூடாது. படிப்பு கெட்டுவிடும் என்று பயப்படும் பெற்றோருக்குச் சொல்கிறேன், ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம்தான். உம்மம்மா வீட்டுக்கு மூன்று நாள் போனாலும் மீன்கள் பசி தாங்கும். முதல் மாதத்தில் இரண்டு நாள் மறந்தான். நான் நினைவூட்டினேன். உம்மாவை அந்தப் பக்கம் போகவே விடவில்லை.

பெற்றோருக்கு இன்னுமொன்று. கப்பியின் ஆயுள் இரண்டு வருடம், கூடினால் மூன்று. சிறிய பிராணியை வாங்கிக் கொடுக்கும்போதே ஒரு மௌத்தையும் சேர்த்துத்தான் வாங்கிக் கொடுக்கிறோம். அதை மறைக்க வேண்டாம். உம்மா மூன்று தரம் மீனை மாற்றியது என் மேலுள்ள இரக்கத்தினால் என்பது எனக்குத் தெரியும். ஆனால் நான் அந்த மூன்று மீன்களில் ஒன்றுக்காகவும் அழவில்லை, ஏன் இறந்தது என்று ஒரு தரமும் கேட்கவில்லை. அதனால்தான் நாலாவதும் அதே கிண்ணத்தில் கிடந்தது. அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் சிறுவராக இருந்தபோது வளர்த்த சிறு குருவி இறந்துபோன சம்பவம் ஹதீஸில் வருகிறதல்லவா? நபி (ஸல்) அவர்கள் அதைக் கண்டும் காணாததுபோல் இருக்கவில்லை. குருவிக்கு என்ன நடந்தது என்று அந்தச் சிறுவரிடமே, அவருடைய பெயரோடு இசையும்படி அன்பாக விசாரித்தார்கள். எவ்வளவோ பொறுப்புகளுக்கு நடுவில் ஒரு பிள்ளையின் குருவியைப் பற்றிக் கேட்க அவர்களுக்கு நேரம் இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை காலையில் நீல வால் மீன் மேலே மிதந்தது. முதலில் கண்டவர் உம்மா. கை சும்மா இருக்கவில்லை, அலுமாரியைத் திறந்து காசுப் பையை எடுத்துவிட்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்திருந்துவிட்டு, திரும்ப உள்ளே வைத்து, தம்பியை எழுப்பப் போனார்.

அவன் அழுதான். பிறகு தேங்காய்ச் சிரட்டையால் மாதுளைக்கடியில் குழி தோண்டினான். நேற்று தீன் கூடப் போட்டேனா, தண்ணீரில் ஏதும் விழுந்ததா என்று என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டான். பாடசாலை வேன் வந்து ஹோர்ன் அடித்தது. சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஓடியவனை உம்மா வாசலில் மறித்து, "மத்த நாலுக்கும் தீன் போட்டாச்சா மகன்?" என்று கேட்டார்.