அனுபவ வேட்டை

'நிஜமான அனுபவம்' வேண்டும் என்று தவிக்கிறவர்கள் பெருத்துவிட்டார்கள். இன்று ஒரு தத்துவ நூல். நாளை ஓர் ஓவியக் கண்காட்சி. அதுவும் அலுத்துவிட்டால், கொள்ளிடக்கரைத் திருமானூரில் ஜல்லிக்கட்டு. பார்வையாளர் மேடையில் உட்கார்ந்துகொண்டு, "ஆகா, இதுவல்லவோ வாழ்க்கை!" என்று சிலிர்க்கிறார்கள்.

சிலிர்ப்பது உங்கள் உடம்பு, சரி. கிழிபடப்போவது யாருடைய விலா? திமிலைப் பற்றித் தொங்குகிறவனுக்கு அது அனுபவம். வருஷம் முழுதும் தீனி போட்டுக் காளையை வளர்த்தவளுக்கும் அனுபவம். தடுப்புக்கு இப்புறம் இருப்பவருக்கு அது வேடிக்கை. வேடிக்கை பார்ப்பது குற்றமன்று. அதற்கு அனுபவம் என்று பெயர் சூட்டுவதுதான் பித்தலாட்டம். 2014-ல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2017-ல் சட்டத் திருத்தம் வந்தது. இடையில், வேடிக்கைக்காரர் வேறு வேடிக்கை தேடிக்கொண்டார். காளையை விற்பதா, வைத்திருப்பதா என்று தவித்தவர் மாட்டுக்காரர்தாம்.

கலைக்கும் கருத்துக்கும் இதே நியாயந்தான். திருமானூருக்குக் கிழக்கே ஏலாக்குறிச்சி இருக்கிறது. இத்தாலியில் 1680-ல் பிறந்த பெஸ்கி பாதிரியார் அங்கே வாழ்ந்தார். 'தமிழ் அனுபவம்' பெற்றுப் பத்து நாளில் கப்பலேறிவிடவில்லை. இலக்கணம் கற்றார், வீரமாமுனிவரானார், தேம்பாவணியில் 3,615 பாடல்கள் செய்தார், 1732-ல் சதுரகராதி தொகுத்தார். 1747-ல் இறக்கும்வரை தாய்நாடு திரும்பவேயில்லை.

புத்தகத்தைப் புரட்டிவிட்டுப் பெருமூச்சு விடும் ரசிகரே, நீர் எதைக் கொடுத்தீர்? ஒன்றும் கொடுக்காமல் அனுபவம் கேட்பது, விதைக்காதவன் களத்துமேட்டில் சாக்கோடு நிற்கிற கதைதான்.