கரைந்தால் மட்டும் போதுமா?

உயர்நிலை மூன்றாம் வகுப்பில் “மக்கும் பிளாஸ்டிக் நல்லதா?” என்று கேட்டால் எல்லாக் கைகளும் உயரும். ஏன் என்று கேட்டால், “அது மக்கிவிடும், சார்” என்பார்கள். பல ஆண்டுகளாக நானும் அந்தப் பதிலுக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன். இப்போது கொடுப்பதில்லை. அதற்குக் காரணம் என் அப்பாவுக்கு நடந்த இதயச் சிகிச்சை.

2016ஆம் ஆண்டு அப்பாவின் இதய ரத்தக்குழாயில் அடைப்பு. அதைத் திறந்து, ‘ஸ்டென்ட்’ எனும் வலைக்குழாயைப் பொருத்த வேண்டியிருந்தது. வேலை முடிந்ததும் கரைந்துவிடும் பாலிமர் ஸ்டென்ட் வந்திருப்பதாகப் படித்திருந்த நான், அதையே வைக்கச் சொல்லி மருத்துவரிடம் வற்புறுத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உலோகமே இருக்கட்டும் என்றார். எனக்கு ஏமாற்றம்தான்.

நான் படித்த வேதியியலில் தவறில்லை. பாலியெஸ்டர் துணியில் உள்ள எஸ்டர் பிணைப்புதான் பாலிலாக்டிக் அமிலத்திலும் உள்ளது. உடலிலுள்ள நீர் அந்தப் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுக்கிறது. கடைசியில் மிஞ்சுவது லாக்டிக் அமிலம். வேகமாக ஓடும்போது நம் தசைகளில் உண்டாகும் அதே பொருள். உடல் அதைக் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றிவிடும்.

பிரிக்கத் தேவையில்லாத தையல்நூல்கள் 1970களிலிருந்து இந்தக் குடும்பத்துப் பாலிமர்களால் செய்யப்படுகின்றன. 1989ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லூப்ரான் டிப்போ ஊசியில், இத்தகைய பாலிமரின் நுண்ணிய உருண்டைகள் மருந்தைச் சிறிது சிறிதாக விடுவிக்கின்றன. புராஸ்டேட் புற்றுநோயாளிகளுக்குத் தினமும் போட வேண்டியிருந்த ஊசி, மாதம் ஒன்றானது.

சிங்கப்பூரில் உருவான ஆஸ்டியோபோர் நிறுவனம், மூளை அறுவை சிகிச்சைக்காக மண்டையோட்டில் இடப்படும் துளையை மூடப் பாலிகேப்ரோலாக்டோனில் சிறு மூடி செய்கிறது. அதன் நுண்துளைகளுக்குள் எலும்பு மெதுவாக வளரும். பாலிமர் சிதைய ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகும். எலும்பு வளர அந்த அவகாசம் தேவை.

கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதைப் போன்றதுதான் இது. சாரத்தைப் பிற்பாடு எளிதாகப் பிரிக்க முடியும் என்பது நல்ல விஷயம். ஆனால், வேலை முடியும்வரை அது ஆளைத் தாங்க வேண்டும். பக்கத்தில் போகிறவருக்கு இடையூறாகவும் இருக்கக்கூடாது.

நான் கேட்ட ஸ்டென்ட் அங்கேதான் சறுக்கியது. அபோட் நிறுவனத்தின் ‘அப்சார்ப்’ ஸ்டென்டுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016 ஜூலையில் அனுமதி தந்தது. 2017 மார்ச்சில் அதே நிர்வாகம் மருத்துவர்களை எச்சரித்தது. இரண்டு ஆண்டுகளில், அப்சார்ப் பொருத்தப்பட்டவர்களில் 11 விழுக்காட்டினருக்கு மாரடைப்பு போன்ற பெரிய பாதிப்புகள் ஏற்பட்டிருந்தன. உலோக ஸ்டென்டில் அது 7.9 விழுக்காடு. அந்தச் செப்டம்பரில் விற்பனை நின்றது. உலோகத்தைப் போல் தாங்குவதற்காகப் பாலிமர் இழைகளைத் தடிமனாகச் செய்திருந்தார்கள். அந்தத் தடிமன் ரத்த ஓட்டத்தைக் குழப்பி, ரத்தம் உறைய இடம் கொடுத்தது முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. கரைவதற்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் இருந்தன. சிக்கல் அதற்கு முன்பே வந்துவிட்டது.

இதனால் கரையும் ஸ்டென்ட் என்ற எண்ணமே தவறாகிவிடாது. இழைகளை மெலிதாக்கி அதே நிறுவனம் செய்த ‘எஸ்பிரிட்’டுக்கு, முழங்காலுக்குக் கீழுள்ள ரத்தக்குழாய்களில் பயன்படுத்த 2024ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தோல்வியை ஆராய்ந்தவர்களால்தான் அது முடிந்தது.

ஆகவே, வகுப்பில் இப்போது மூன்று கேள்விகள் கேட்கிறேன். வேலை முடியும்வரை தாங்குமா? எவ்வளவு காலத்தில் சிதையும்? சிதைந்து என்னவாகும்? மூன்றுக்கும் பதில் தேடினால்தான் முழு மதிப்பெண். ‘மக்கும்’, ‘கரையும்’ என்ற சொற்களை மட்டும் மனப்பாடம் செய்யும் மாணவர், நாளை பெற்றோருக்காக மருத்துவர் முன் உட்காரும்போது என்னைப் போலத்தான் பேசுவார். வீட்டில் முதியவர்களுக்காக முடிவெடுப்பவர்களும் இதே கேள்விகளை மருத்துவரிடம் கேட்கலாம். கேட்பது அவமரியாதை ஆகாது.

அப்பா அந்த உலோகத்தோடு இன்றும் ஈரச்சந்தைக்கு நடந்தே போய்வருகிறார். அதை வைத்து உலோகமே சிறந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஒருவரின் அனுபவம் சான்றாகாது என்பதையும் வகுப்பில் நான்தானே சொல்லிக்கொடுக்கிறேன்.