தோட்டப்புறச் சிறார் நலன்: துறைகள் முன்கூட்டியே இணைய வேண்டும்

பள்ளிக்கு அடிக்கடி மட்டம் போடும் மாணவனைப் பற்றி முதலில் அறிபவர் அவனுடைய வகுப்பாசிரியர். வீட்டில் வருமானம் நின்றுபோனதை உதவித்தொகை வழங்கும் சமூக நலத்துறை அறிந்திருக்கும். இரவில் அவன் யாருடன் சுற்றுகிறான் என்பது தோட்டத்தாருக்குத் தெரியும். முதன்முறை பிடிபடும்போது காவல் நிலையத்துக்கும் தெரிந்துவிடுகிறது. இத்தனை பேர் அறிந்தவையும் ஒரே மேசைக்கு வருவது எப்போது? பெரும்பாலும் அவன் நீதிமன்றத்தில் நின்ற பிறகுதான். கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர் வட்டாரத் தோட்டப்புறங்களில் இந்தத் தாமதமே பெரிய குறை.

மலேசியாவின் 2001ஆம் ஆண்டு சிறார் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவரைச் சிறார் என்கிறது. சிறார் நீதிமன்றத்தில் மாஜிஸ்திரேட்டுடன் இரண்டு ஆலோசகர்கள் அமர்வர். அவர்களுள் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். குற்றம் நிரூபிக்கப்பட்டாலும் உடனே ஆணை பிறப்பித்துவிட முடியாது. நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையை நீதிமன்றம் முதலில் பரிசீலிக்க வேண்டும். சிறாரின் பொது நடத்தை, வீட்டுச் சூழல், பள்ளிப் பதிவு, உடல்நல வரலாறு ஆகியவை அதில் இடம்பெறும்.

இந்தப் பட்டியலில் புதிதாகத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியது எதுவுமில்லை. பள்ளிப் பதிவு பள்ளியில் இருந்தது. வீட்டுச் சூழல் அக்கம்பக்கத்தார் அறிந்ததே. இதே விவரங்களை ஓராண்டுக்கு முன்பே ஒருவர் திரட்டியிருந்தால், அந்த அறிக்கையை எழுதும் தேவையே வராமல் போயிருக்கலாம்.

பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரீடு தொடங்கியது. பெயர் தென்னைக்கு, புகழோ செம்பனைக்கு! அக்கால லயத்து வாழ்க்கையில் வறுமை மிகுதி. ஆயினும் பிள்ளை தடம் மாறினால் கண்டிக்க அண்டை வீட்டார் இருந்தனர். கோயிலும் திடலும் தமிழ்ப்பள்ளியும் நடக்கும் தூரத்தில் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தபோது அந்தக் கண்காணிப்பு உடன் செல்லவில்லை.

தோட்டத்திலேயே தங்கியவர்களுக்கு வேறு சிக்கல். அலுவலகங்கள் எல்லாம் பட்டணத்தில் உள்ளன. நன்னடத்தை ஆணை ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை நீடிக்கும். அக்காலத்தில் சிறார் நன்னடத்தை அதிகாரியின் கண்காணிப்பில் இருக்க வேண்டும். வாகனமில்லாத தாய், அன்றைய கூலியை இழந்துதான் மகனை அழைத்துச் செல்ல முடியும். ஒரு தவணை தவறினால் கோப்பில் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதிவிடலாம். நடந்தது பேருந்து வராததாக இருக்கலாம்.

ஆகவே, பள்ளி ஆலோசக ஆசிரியர், சமூகநல அதிகாரி, நன்னடத்தை அதிகாரி, காவல்துறையின் பள்ளித் தொடர்பு அதிகாரி ஆகியோர் மாதந்தோறும் கூடிப் பேச வேண்டும். கூட்டம் மட்டும் போதாது. நாட்டில் கூட்டங்களுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு சிறாருக்கும் ஒரே ஓர் அதிகாரி பொறுப்பேற்க வேண்டும். அவர் பணியிடம் மாறினால், அடுத்தவரைப் பெற்றோரிடம் நேரில் அறிமுகப்படுத்திவிட்டுச் செல்ல வேண்டும். மாதத்தில் ஒரு நாளாவது தோட்ட மண்டபத்துக்கு வந்து, பெற்றோருக்குப் புரியும் தமிழில் விளக்க வேண்டும். குற்றச்சாட்டைச் சிறாருக்கு எளிய மொழியில் விளக்கும்படி சட்டம் நீதிமன்றத்தையே பணிக்கிறது. அலுவலகங்களுக்கு மட்டும் விலக்கு எதற்கு?

அனுப்பி வைக்க இடமும் இல்லாமலில்லை. உலு சிலாங்கூரின் களும்பாங்கில் மைஸ்கில்ஸ் அறவாரியம், பள்ளியைவிட்டு விலகிய இளையோருக்குத் தொழிற்பயிற்சி அளித்து வருகிறது. ஆசிரியரின் பரிந்துரையில் ஒருவன் அங்குச் சேர்வதும், வழக்கு முடிந்தபின் சேர்வதும் ஒன்றல்ல.

தகவலைப் பகிர்ந்தால் பிள்ளைக்கு முத்திரை விழுந்துவிடும் என்று சிலர் அஞ்சுவர். அந்த அச்சம் நியாயமானது. வழக்கில் சிக்கிய சிறாரின் பெயர், முகவரி, பள்ளி, படம் ஆகியவற்றை ஊடகங்கள் வெளியிடச் சட்டம் தடை விதிக்கிறது. அதே கட்டுப்பாடு இந்தக் கூட்டத்துக்கும் வேண்டும். பொறுப்பதிகாரியைத் தவிர வேறெவரும் கோப்பை எடுத்துச் செல்லக் கூடாது. கண்காணிப்பு தேவைப்படாத நாளில் அது மூடப்பட வேண்டும். ஐந்தாம் படிவம் முடித்த மாணவனுக்குப் பள்ளி விடுப்புச் சான்றிதழ் எழுதும்போது, அந்தக் கோப்பு தலைமையாசிரியரின் மேசையில் இருக்கக் கூடாது.