ஐயா துப்பாக்கி என்ன விலை?

காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில், முன்வாசலில் நுழைந்தால் பின்வாசல் அடுத்த தெருவில் முடிகிற மாதிரியான ஒரு வீடு. போன மாதம் அந்த வீட்டு முகப்பில் ஒரு பஞ்சாயத்து. அண்ணன் தம்பி மூன்று பேர், அவர்களுடைய ஆத்தா, அப்புறம் நான். மூவரில் நடுவுள்ளவன் என்னோடு பி.காம். படித்தவன். 'நீ பத்திரிகைக்காரன், நாலு பேரைத் தெரியும், வந்து ஒரு விலை சொல்லு' என்று கூப்பிட்டிருந்தான்.

தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி சமாசாரமாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். அவர்கள் பேசியது துப்பாக்கி விலை.

பயப்படாதீர்கள், எல்லாம் உரிமம் உள்ள சமாசாரம்தான். அவர்களுடைய ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, ரங்கூனில் கொண்டுவிக்கப் போன காலத்தில் வாங்கிய இங்கிலீஷ் இரட்டைக் குழல். 12 போர். ஐயாவுக்குப் பிறகு அப்பச்சி பேருக்கு உரிமம் மாறியது. அப்பச்சி தவறியதும் முறைப்படி போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டார்கள். பிள்ளைகள் ஒருவருக்கும் உரிமம் கிடையாது, வாங்கும் உத்தேசமும் இல்லை. ஆகவே விற்க வேண்டும்.

பெரியவர் சொன்னார்: "எட்டு லட்சத்துக்குக் கொறஞ்சு பேச்சே இல்ல."

"எப்படிண்ணே எட்டு லட்சம்?"

"லண்டன்ல ஏலம் போட்டதை நெட்ல பாத்தேன். பவுண்டுல போட்டிருக்கான். நூத்துச் சொச்சத்தால பெருக்கிப் பாரு."

திண்டுக்கல் பக்கம் எஸ்டேட் வைத்திருக்கும் ஒருவர், கையில் உரிமத்தோடு, அதில் இன்னொரு துப்பாக்கிக்கு இடமும் வைத்துக்கொண்டு, 60 ஆயிரம் தருகிறேன் என்று வந்தாராம். அவரை வாசலோடு அனுப்பிவிட்டார்கள். காபியாவது கொடுத்தீர்களா என்று கேட்க நினைத்து, கேட்கவில்லை.

இந்த எட்டு லட்சத்தின் மீதுதான் எனக்குக் கோபம். இது ஒரு வீட்டுக் கதையாக இருந்தால் எழுதியே இருக்க மாட்டேன். சிவகங்கைச் சீமையில் பழைய ஜமீன் வாரிசு, மிராசு வாரிசு, மலாயா பர்மா வாரிசு என்று யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு துப்பாக்கியும், இப்படி ஒரு எட்டு லட்சமும் இருக்கின்றன. துப்பாக்கி ஸ்டேஷனில் துருப்பிடிக்கிறது. எட்டு லட்சம் வாயில் இருக்கிறது.

லண்டன் ஏலத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே அந்த விலைக்குப் போனது உண்மைதான். ஆனால் உங்கள் துப்பாக்கி லண்டனுக்குப் போக முடியாதே! 100 வருஷம் தாண்டிய பழம்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்கிறது 1972-ஆம் வருஷத்துப் பழம்பொருள் சட்டம். 100 வருஷம் ஆகவில்லையா, அப்போதும் அது ஆயுதம். முறையான ஏற்றுமதி உரிமம் இல்லாமல் துறைமுகத்தில் தலைகாட்ட முடியாது. உங்கள் சரக்கு போய்ச்சேர முடியாத சந்தையின் விலை உங்களுக்கு எதற்கு? டோக்கியோவில் ஒரு மாம்பழம் என்ன விலைக்கு விற்கிறது என்று பார்த்துவிட்டு சேலம் மண்டியில் விலை சொல்வார்களா?

அடுத்த வாதம் இளையவனுடையது. "அண்ணே, பழசு ஆக ஆக விலை ஏறும். தங்கம் மாதிரி. அவசரம் என்ன?"

தங்கத்தை நாளைக்குக் காலையில் காரைக்குடியில் எந்தக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தாலும் மத்தியானம் பணம். வாங்குகிறவனிடம் யாரும் 'உனக்குத் தங்கம் வைத்துக்கொள்ளத் தகுதி இருக்கிறதா' என்று கேட்பதில்லை. துப்பாக்கி அப்படியா? வாங்குகிறவன் கையில் உரிமம் வேண்டும். அந்த உரிமத்தில் காலியிடம் வேண்டும். உங்கள் துப்பாக்கி ரகத்துக்கே அது பொருந்த வேண்டும். 2016 இறுதிக் கணக்குப்படி இந்தியா முழுக்க 33 லட்சத்துச் சொச்சம் உரிமங்கள். அதில் உத்தரப்பிரதேசம் மட்டும் 12 லட்சத்து 77 ஆயிரம். தமிழ்நாடு? இருபத்திரண்டாயிரம் சொச்சம். ஏழு கோடி ஜனம் இருக்கிற மாநிலத்தில் உங்கள் கடைவாசலுக்கு வரக்கூடிய மொத்த வாடிக்கையாளர் கூட்டமே இவ்வளவுதான். ஒரு கல்யாண சீசனில் ஒரு ஜவுளிக்கடை ஏறுகிற கூட்டம் கூட இல்லை.

அதிலும் 2019 டிசம்பரில் ஆயுதச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதுவரை ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்துக்கொள்ளலாம். திருத்தத்துக்குப் பிறகு இரண்டுதான். பரம்பரைச் சொத்து என்று வந்தாலும் இரண்டுதான். மூன்றாவது வைத்திருந்தவர்கள் ஒரு வருஷத்துக்குள் ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். கணக்குப் பாடம் படித்தவனுக்கு இதில் புரிய வேண்டியது ஒன்றுதான். வாங்குகிறவன் பையில் இருந்த இடம் சுருங்கிவிட்டது. விற்க வந்தவன் கூட்டம் பெருத்துவிட்டது. இதற்குப் பிறகும் விலை ஏறும் என்றால் நாங்கள் படித்த எக்கனாமிக்ஸ் வாத்தியாரைத்தான் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

ஆனால் பெரியவர் ஒன்றும் முழுக்கக் காற்றில் பேசவில்லை. 'வடக்கே ஒருத்தர் பழைய வெப்ளி ரிவால்வரை லட்சக்கணக்கில் வித்தாராம்' என்றார். விற்றிருப்பார். 1980-களின் நடுவில் சாதாரண ஆள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்கிற வழியை அரசாங்கம் ஏறக்குறைய அடைத்துவிட்டது. அதற்கு முன்னால் உள்ளே வந்தது எவ்வளவோ, அதுதான் சரக்கு. கைத்துப்பாக்கிக்கு வடக்கே கௌரவக் கிராக்கி. இடுப்பில் ஒன்று இருந்தால்தான் கல்யாண வீட்டில் நாற்காலி போடுவார்கள் போலிருக்கிறது. 2014-இல் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்ற .32 ரிவால்வரைக் கொண்டுவந்தபோது அதற்கு வைத்த விலையே ஒரு லட்சத்து 22 ஆயிரம். புதுசே அந்த விலை என்றால் பழைய வெளிநாட்டுச் சரக்குக்குக் கேட்பானேன்!

ஆனால் அது கைத்துப்பாக்கிச் சந்தை. உங்கள் ஐயா வாங்கியது நீளத் துப்பாக்கி. வேட்டைக்கு வாங்கியது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததோடு வேட்டை போச்சு. முயலுக்குப் போனாலும் கேஸ். பிழைப்பே போன ஒரு கருவிக்கு, பிழைப்பு நடக்கிற காலத்து விலையைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சரி, என்னதான் விலை? அதற்கு முதலில் துப்பாக்கியைப் பார்க்க வேண்டும். மூன்று பேரில் ஒருவரும் பார்க்கவில்லை! 'இங்கிலீஷ் துப்பாக்கி' என்பதோடு அவர்கள் ஞானம் முடிந்தது. துப்பாக்கி விஷயம் தெரிந்த ஒரு பெரியவரை, ரிட்டையர்டு ஆள், அழைத்துக்கொண்டு போய் ஸ்டேஷனில் அனுமதி வாங்கிப் பார்த்தோம். அவர் அரை மணி நேரம் பார்த்ததை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். ஒரு வைத்தியர் நாடி பிடிக்கிற மாதிரி.

முதலில் குழலைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தார். அம்மைத் தழும்பு மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தால் துரு தின்ற இடம். இருந்தது, ஒரு குழலில். அப்புறம் பூட்டி, ஆட்டிப் பார்த்தார். ஆட்டம் இல்லை, நல்லது. கட்டையில் கைப்பிடி ஒடுங்குகிற இடத்தில் விரிசல், பழைய பித்தளை ஆணி போட்டு ஒட்டியிருக்கிறது. அப்புறம் குழலின் அடிப்பக்கத்து முத்திரைகள். பர்மிங்ஹாமில் 1813-இலிருந்து துப்பாக்கிகளைச் சோதித்து முத்திரை குத்தும் ஒரு நிலையம் இருக்கிறது. இந்தக் குழல் புகையற்ற மருந்துக்குத் தாங்கும் என்று சோதித்ததா, பழைய கரிமருந்துக்கு மட்டும் சோதித்ததா என்பது அந்த முத்திரையில்தான் தெரியும். டமாஸ்கஸ் குழல் என்று ஒன்று உண்டு. இரும்பு நாடாவை முறுக்கிச் சுற்றி அடித்தது. பட்டுப்புடவை மாதிரி மேலே அலை அலையாகக் கோலம் தெரியும். அழகுதான், ஆனால் கரிமருந்துக்கு மட்டும் சோதித்த அந்தக் குழலில் இந்தக் காலத்துத் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் கையோடு போய்விடலாம். பழைய இங்கிலீஷ் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை இரண்டரை அங்குலம். இன்றைக்குச் சாதாரணமாகக் கிடைப்பது இரண்டே முக்கால். அந்தக் கால் அங்குலத்தில் விலை பாதியாகிவிடும் என்றார்.

நம்மாள் துப்பாக்கி அவ்வளவு மோசமில்லை. டமாஸ்கஸ் இல்லை, புகையற்ற மருந்துக்குச் சோதித்த முத்திரை இருக்கிறது. ஆனால் அறை இரண்டரை. பேர்போன கம்பெனியும் இல்லை. பர்மிங்ஹாமில் கடைகளுக்காக மொத்தமாகச் செய்து அனுப்பிய சரக்கு. மேலே பொறித்திருந்தது செய்தவன் பேர் கூட இல்லையாம், விற்ற கடையின் பேராம்.

"60 ஆயிரம் சொன்னவன் மரியாதைக்காரன்" என்றார் அந்தப் பெரியவர். "நான் 50-க்குத்தான் கேட்டிருப்பேன்."

திரும்பி வருகிற வழியில் காரில் ஒருத்தர் ஒருத்தரோடு பேசவில்லை.

இதில் எனக்கு ஆற்றாமை என்னவென்றால், இவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள்? ஐந்தொகை என்ற வார்த்தையைக் கணக்குக்குக் கொடுத்த வம்சம். ஏட்டில் இருக்கிற மதிப்பு வேறு, கைக்கு வருகிற காசு வேறு என்பதை உலகத்திலேயே அதிக விலை கொடுத்துக் கற்றவர்கள் இவர்களுடைய ஐயாக்கள்தான். 1930-இல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு ஆறு. நெல் விலை விழுந்து, கடன் வாங்கியவன் திருப்ப முடியாமல் நிலத்தை விட, 1938-இல் அது நூற்றுக்கு இருபத்தைந்து. ஏட்டில் பார்த்தால் ராஜா! ஆனால் அவர்களுக்கு வேண்டியிருந்தது நிலமில்லை, பணம். விலை விழுந்த நேரத்தில் நஷ்டத்துக்கு விற்க மனசு வரவில்லை, வாங்கவும் ஆளில்லை. 1942-இல் ஜப்பான்காரன் வந்தான். நடந்தே வந்தார்கள் பலர். அப்புறம் சுதந்திர பர்மா நிலத்தை தேசியமயம் ஆக்கியது. அந்த ஏடுகள் இன்றைக்கும் சில வீட்டுப் பெட்டகங்களில் இருக்கின்றன. கூட்டல் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

துப்பாக்கிக்கும் ஒரு 1942 உண்டு. அதைத்தான் இந்த 'அவசரம் என்ன' கோஷ்டிக்குச் சொல்ல வேண்டும். ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 21. உரிமக்காரர் இறந்துபோனால் வாரிசு துப்பாக்கியை ஸ்டேஷனிலோ, உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த பிறகு, தகுதியுள்ள ஆளுக்கு விற்று அந்தப் பணத்தை வாங்கிக்கொள்ள வாரிசுக்கு உரிமை உண்டு. ஆனால் விதியில் சொன்ன கெடுவுக்குள் விற்கவும் இல்லை, உரிமம் எடுத்துத் திருப்பி வாங்கவும் இல்லை என்றால், மாவட்ட மாஜிஸ்திரேட் உத்தரவு போட்டு அரசாங்கத்துக்குச் சொந்தமாக்கிக்கொள்ளலாம். எட்டு லட்சமும் இல்லை, எட்டணாவும் இல்லை. 1801-இல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட பிறகு கம்பெனிக்காரன் இந்தச் சீமையின் ஆயுதங்களைப் பிடுங்கினான். அதற்காவது ஒரு யுத்தம் நடந்தது. இங்கே நாமே ரசீது வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டு, விலை பேசிக்கொண்டே இழக்கிறோம்.

ஒப்படைக்காமல் பரண்மேல் போட்டுவிட்டு 'யாருக்குத் தெரியப்போகுது' என்பவர்களும் இருக்கிறார்கள். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டு வருஷம், அதிகபட்சம் ஐந்து வருஷம் ஜெயில். ஐயாவின் ஞாபகார்த்தத்துக்கு இது ரொம்ப ஜாஸ்தி.

இன்னொரு கூட்டத்தையும் விடக்கூடாது. எட்டு லட்சம் சொல்கிற அண்ணனுக்கு நேர் எதிர்க்கட்சி. வீட்டில் ஆம்பளை இல்லை, ஆச்சி மட்டும் தனியாக என்று தெரிந்துகொண்டு வருகிற புரோக்கர்கள். "இதையெல்லாம் வச்சிருந்தா கேஸ் ஆயிரும் ஆச்சி, அஞ்சாயிரம் தர்றேன், தலைவலி விட்டுது" என்பார்கள். தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் நல்ல இங்கிலீஷ் துப்பாக்கி அப்படி ஐயாயிரத்துக்குப் போயிருக்கிறது. பயத்துக்குச் சொல்கிற விலையும் பெருமைக்குச் சொல்கிற விலையும் ஒரே ஜாதிதான். இரண்டுமே துப்பாக்கியைப் பார்க்காமல் சொல்வது.

சட்டம் இந்த விஷயத்தில் நாம் நினைக்கிற அளவுக்குப் பூச்சாண்டி இல்லை. சொந்த உபயோகத்துக்கு உரிமத்தோடு வைத்திருக்கிற ஒருவர், தகுதியுள்ள இன்னொருவருக்கு நேரடியாக விற்கலாம். இன்னாருக்கு, இன்ன விலாசத்துக்கு விற்கப்போகிறேன் என்று மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ பக்கத்து ஸ்டேஷன் அதிகாரிக்கோ எழுதிக் கொடுத்துவிட்டு 45 நாள் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த 45 நாளைச் சொல்லித்தான் புரோக்கர் பயமுறுத்துகிறான்.

இரண்டு வாரம் கழித்து நண்பன் போன் பண்ணினான். எஸ்டேட்காரரைத் திரும்பக் கூப்பிட்டார்களாம். அவர் இப்போது 48 என்கிறாராம். பெரியவர் மறுபடி குதித்திருக்கிறார். வளவில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்த ஆச்சிதான் அரிவாள்மனையிலிருந்து எழுந்திருக்காமலே முடித்து வைத்தார்களாம்.

"ஒங்க அப்பச்சி அதை எடுத்து ஒரு காக்கா சுட்டு நான் பாக்கலை. வருசா வருசம் எண்ணெய் போட்டுத் தொடச்சது நான்தான். அம்பதுன்னு சொல்லு, நாப்பத்தெட்டுன்னா குடுத்துரு. அந்தத் தோல் பெட்டி மட்டும் இங்க இருக்கட்டும், அதுல ஐயா பேரு போட்டிருக்கு."

மனு கொடுத்தாகிவிட்டது. 45 நாளில் இன்றோடு பத்தொன்பது போயிருக்கிறது. இதற்குள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலிருந்து ஒரு பழைய சாமான் வியாபாரி வந்து அந்தத் தோல் பெட்டிக்கு விலை கேட்டாராம். பெரியவர் என்ன விலை சொன்னார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.