மேடையேறிய இல்லறம்

அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், 1921இல் இளம்பிள்ளை வாதத்தால் கால்களின் வலுவை இழந்தவராதலின், தாம் செல்லவியலாத சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளுக்குத் தம் மனைவி எலினோர் சென்று கண்டுவந்து உரைத்தவற்றைக் கொண்டே ஏழை மக்களின் நிலையைப் பெரிதும் அறிந்தார் என்று அந்நாட்டுச் சரித்திரக்காரர் எழுதுவர். அதே காலத்தில் நமது இலங்கையின் ஹட்டனிலும் ஓர் இல்லறம் பொதுவாழ்வாகவே நடந்தது. அதை நாம் போதிய அளவு நினைப்பதில்லை என்பது என் மனக்குறை.

தஞ்சைச் சீமையிலிருந்து வந்த கோ. நடேசய்யர், 1925இல் சட்டநிரூபண சபையிலும், 1936இல் ஹட்டன் பிரதிநிதியாக அரசாங்க சபையிலும் அமர்ந்தவர். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கெனச் சம்மேளனம் நிறுவியவர். அந்நாளில் தோட்டமென்பது துரையின் தனி ராஜ்ஜியம். அனுமதியின்றி லயத்துப் பக்கம் கால்வைப்பவன் அத்துமீறியவனாகக் கருதப்பட்டான். ஆகவே அவர் புடைவை வியாபாரி வேஷத்தில் உள்ளே புகுந்தார். புகுந்தும், பத்திரிகை எழுதியும், துண்டுப்பிரசுரம் அச்சிட்டும் என்ன பயன்? எழுத்து வாசனையறியாத கூட்டத்திற்கு அச்செழுத்து வெறும் கறுப்புக் கோடுதானே?

இந்தத் தடையைக் கடந்தவர் அவருடைய மனைவி மீனாட்சி அம்மையார். மக்கள் நன்கறிந்த மெட்டுகளில் தாமே பாட்டுக் கட்டி, கூட்டந்தோறும் எழுந்து நின்று அவர் பாடுவார். கேட்டவர் நெஞ்சு நெகிழ்ந்த பின்னரே ஐயரின் பிரசங்கம் செவியேறும். பிரசுரத்தைக் கங்காணி பறித்துக் கிழித்துவிடலாம். கொழுந்துக் கூடையோடு மலையேறுகிறவளின் வாயில் ஒட்டிக்கொண்ட பாட்டை அவன் எங்ஙனம் பறிப்பான்? இந்தியர் எதிர்ப்பு இத்தீவில் ஓங்கிய வேளையில், ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற பெயரில் 1940இல் அப்பாடல்கள் நூலாகவும் வந்தன. கணவரின் ‘தேசபக்தன்’ பத்திரிகையில் பெண்களின் உரிமைக்காகவும் அவர் எழுதினார். 1929இல் நிர்ணயமான குறைந்தபட்சச் சம்பளத்தில் மலைநாட்டு ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமுமே விதிக்கப்பட்டிருந்ததை நினைத்தால், மேடையில் ஒரு பெண் குரல் எழுந்தது கொழுந்து பறிப்பவளுக்கு எத்தனை பெரிய தைரியத்தைத் தந்திருக்கும்! ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் என்பது 1984 வரையில் கைகூடவில்லை.

தலைவரின் குடும்பமென்றதும் நம்மவர் மனத்தில் முதலில் எழுவது வாரிசைப் பற்றிய விசாரமே. 1947இல் நுவரெலியாவிலிருந்து பாராளுமன்றம் புகுந்த சௌமியமூர்த்தி தொண்டமானின் வழியில் பேரர் ஆறுமுகனும் கொள்ளுப்பேரர் ஜீவனும் அமைச்சர்களானதை நாம் விரல்விட்டு எண்ணுகிறோம். அதில் குற்றங்காண்பது என் நோக்கமன்று. சிதறிக் கிடந்த ஜனங்களுக்கு ஒரு குடும்பப்பெயரே கொடியாக நின்றதும் உண்டு. ஆயினும் குடும்பம் பொதுவாழ்வுக்கு எதை அளித்தது என்று ஆராய்வதே தகும் என்பது என் அபிப்பிராயம். அவ்விதத்தில் நடேசய்யர் தம்பதியின் இல்லறத்தை நான் மிக உயர்வாக வைக்கிறேன். அங்கே தாம்பத்தியமே தொண்டாயிருந்தது.

1947இல் மஸ்கெலியாத் தேர்தலில் தோற்ற ஐயர் அவ்வாண்டிலேயே மறைந்தார்; மறுவருஷம் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, அவர் யாருக்காக உழைத்தாரோ அவர்களை நாடற்றவராக்கியது. அம்மையாரின் பாடல்களை நம் தோட்டப் பாடசாலைகளின் பிள்ளைகள் பாடமாக ஒப்பிக்காமல், அந்தந்த மெட்டிலேயே வாய்விட்டுப் பாடக் கேட்க வேண்டும் என்று என் மனம் ஏங்குகிறது.