விரிசல் பேசுகிறது, கேட்பார் யார்?

வீடு திடீரென்று விழுவதில்லை, தோழர்களே! விழுமுன் சொல்கிறது, ஒருமுறையல்ல, பலமுறை சொல்கிறது. சுவரிலே விரிசலாகச் சொல்கிறது. கூரையிலிருந்து பெயர்ந்து விழும் காரையாகச் சொல்கிறது. சுவிட்சைத் தொட்டதும் சுரீரென்று தாக்கும் மின்சாரமாகச் சொல்கிறது. கேட்கும் செவி உண்டா என்பதே கேள்வி!

திருவொற்றியூரில் கேட்டனர். 2021 டிசம்பர் 26 இரவு, வாரியக் குடியிருப்பின் சுவர்களிலே விரிசல் கண்டனர் மக்கள், வெளியேறினர். மறுநாள் 24 வீடுகள் இடிந்து மண்மேடாயின. உடைமை போயிற்று, உயிர் ஒன்றும் போகவில்லை. கட்டி முப்பது ஆண்டுகூட நிறையாத கட்டடம் அது!

கேளாச் செவியின் கதை லண்டனில் நடந்தது. செல்வம் கொழிக்கும் சீமைதான். ஆனால் கிரென்ஃபெல் கோபுரத்தில் குடியிருந்தோரில் பலர் உழைத்துப் பிழைப்போர். 1974-இல் கட்டி முடித்த 24 மாடிக் கட்டடம். அழகு கூட்டுகிறோம், குளிர் தடுக்கிறோம் என்று வெளிச்சுவரிலே தகடு போர்த்தினர். தகட்டின் நடுவே எரியும் பிளாஸ்டிக்! ஆபத்து என்று குடியிருப்போர் 2016-லேயே எழுதி எச்சரித்தனர். 2017 ஜூன் 14 அன்று, நான்காம் மாடியில் ஒரு குளிர்பெட்டியில் பிடித்த தீ உச்சிவரை ஏறிற்று. மாண்டோர் 72 பேர். அத்தனை சாவும் தவிர்த்திருக்கக்கூடியவையே என்று 2024-இல் கூறிற்று விசாரணை. தவிர்த்திருக்கலாமாம்! யார் தவிர்த்திருக்க வேண்டும்? எச்சரித்தவர்களா, எச்சரிக்கையை ஏறிட்டும் பாராதவர்களா?

பழைய வீட்டின் முதற்பகை நீர். ஒழுகும் நீர் காங்கிரீட்டினுள் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துருவேறிய கம்பி பருக்கும். பருத்த கம்பி காரையைப் பிளந்து தள்ளும். மேலே சுண்ணாம்பு அடித்து மறைப்பது, புண்ணுக்குப் புனுகு பூசுவது போன்றதே!

பழுது பார்க்கும் கடமை யாருடையது? தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றப்பட்டு, 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் பதில் சொல்கிறது. கட்டட அமைப்பின் பழுதும், மின் கம்பி இணைப்பும் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷரும், சுவிட்சும், அடைத்த சாக்கடையும் குடியிருப்பவர் பொறுப்பு. வீட்டுக்காரர் மறுத்தால், குடியிருப்பவரே பழுது பார்த்து வாடகையிலே கழித்துக்கொள்ள வழியுண்டு.

உரிமை ஏட்டிலே இருக்கிறது. அச்சம் வீட்டிலே இருக்கிறது! "ஒழுகுகிறது" என்றால், "காலி செய்" என்று பதில் வருமோ என அஞ்சுகிறான் தொழிலாளி. எழுத்திலே ஒப்பந்தம் இல்லை. வாய்ப்பேச்சுக்கு வழக்குமன்றத்தில் வலுவும் இல்லை. வீட்டுக்காரரெல்லாம் கொடியவர் என்று கூறோம். வாடகையொன்றே வருவாயாகக் கொண்ட எளியோரும் உண்டு. அவருக்குத் தவணைக் கடன் கிடைக்க வழி காணட்டும் அரசு. ஆனால் அவர் முடையைக் காட்டி, இவர் உயிரைப் பணயம் வைக்கலாகாது. வாரியமே கட்டித் தந்த வீடென்றாலும் நீதி இதுவே!

ஆகவே தோழர்களே, மழைக்காலத்துக்கு முன் உங்கள் தெருவின் பழைய வீடுகளைப் பாருங்கள். விரிசலைப் படமெடுங்கள். மனுவைத் தேதியிட்டு எழுதுங்கள். பெற்றதற்குச் சான்று வாங்குங்கள். ஒருவன் தனியே சொன்னால் முணுமுணுப்பு. தெருவே சேர்ந்து சொன்னால் தீர்ப்பு! இடிந்தபின் மாலையோடு செல்வதினும், இடியுமுன் மனுவோடு செல்வதே மக்கள் தொண்டு.