தோழர்களே, லேப்டாப்போடு குப்பத்துக்கு வாருங்கள்!

லேப்டாப்பை எடுங்கள். சார்ஜரை எடுங்கள். சென்னையில், அடையாற்று முகத்துவாரத்து மீனவ ஊரான ஊரூர் ஒல்காட் குப்பத்துக்குக் கிளம்புங்கள்.

என்றைக்கோ இல்லை. இந்த ஞாயிறே!

ஊரை இடிக்கும் புல்டோசர் கடைசியில்தான் வரும். அதற்கு முன்னால் ஒரு கோடு வரும். கடல் இதுவரை, கரை இதுவரை, ஊர் இதுவரை என்று ஏதோ ஒரு ஆபீசில், ஏதோ ஒரு மென்பொருளில் இழுக்கப்பட்ட கோடு. அதற்குள் ஊர் இல்லாவிட்டால் ஊரே இல்லை. பட்டா கேட்டால் இல்லை. வீடு கட்டக் கேட்டால் இல்லை. கோர்ட்டுக்குப் போனால், எங்கே, வரைபடத்தில் காட்டு என்பார்கள்.

காட்ட நம்மிடம் என்ன இருக்கிறது?

சட்டம் நம் பக்கம்தான் பேசுகிறது. 2011-இல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும் சரி, 2019-இல் வந்ததும் சரி, மீனவ ஊரைக் குறி, பொது இடத்தைக் குறி, மீன் காயவைக்கும் களத்தைக் குறி என்றுதான் சொல்கின்றன. ஆனால் 2023-இல் தமிழ்நாட்டின் வரைவு வரைபடங்கள் கருத்துக் கேட்புக்கு வந்தபோது மீனவர்கள் கேட்டது என்ன? எங்கள் ஊர் எங்கே? படகு நிறுத்தும் இடம் எங்கே? வலை உலர்த்தும் இடம் எங்கே? கரையோர மாவட்டங்கள் எங்கும் இதே கேள்விதான்.

எண்ணூரை மறந்துவிடாதீர்கள். 1996-இல் ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் இருந்தது. பின்னால் வந்த வரைபடத்தில் அதைக் காணவில்லை. சுமார் 6,500 ஏக்கர் நீர்ப்பரப்பு தாளில் வற்றிவிட்டது! தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கையில் எடுத்துத் தோண்டியதால்தான் இந்தத் தில்லுமுல்லு 2017-இல் ஊருக்குத் தெரிந்தது. தோண்டாமல் இருந்திருந்தால்?

தோழர்களே, இதற்கும் கட்டற்ற மென்பொருளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். இதுதான் சம்பந்தம். இதைவிட வேறு சம்பந்தம் கிடையாது.

நம் வரிப்பணத்தில் கரையை அளக்கிறார்கள். நம் வரிப்பணத்தில் படம் போடுகிறார்கள். நமக்குக் கொடுப்பதோ ஒரு பிடிஎஃப். பார்க்கலாம், தொடக் கூடாது. மேலே நம் அளவைப் போட்டு ஒப்பிட முடியாது. எந்தக் கணக்கில் அலையேற்றக் கோடு விழுந்தது என்று திறந்து பார்க்க முடியாது. பணம் நம்முடையது. கரை நம்முடையது. கோப்பு மட்டும் அவர்களுடையதா?

ஐரோப்பாவில் நம் தோழர்கள் கேட்பதும் இதைத்தான். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் ஐரோப்பியக் கிளை 2001-இல் தொடங்கியது. பொதுப் பணத்தில் எழுதிய நிரல் பொதுவில் இருக்க வேண்டும் என்ற முழக்கத்தை 2017-இல் கையில் எடுத்தார்கள். இன்னும் விடவில்லை. அந்த முழக்கத்துக்கும் முன்னால், 2004-இல், இங்கிலாந்தில் அரசு நில அளவைத் துறை மக்கள் பணத்தில் போட்ட வரைபடத்தைப் பூட்டி வைத்து மக்களுக்கே விற்றுக்கொண்டிருந்தது. சிலர் பொறுக்கவில்லை. ஜிபிஎஸ் கருவியோடு தெருவில் இறங்கினார்கள். நடந்தார்கள். சைக்கிள் மிதித்தார்கள். வரைந்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2010-இல் அதே அளவைத் துறை தன் தரவில் ஒரு பகுதியைத் திறந்துவிட வேண்டியதாயிற்று.

அதே ஐரோப்பாவில் இன்னொரு சண்டை, 2005 ஜூலை 6. மென்பொருளுக்குக் காப்புரிமை என்ற சட்டம் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு வந்தது. கம்பெனிகள் கோடி கோடியாகக் கொட்டின. நிரல் எழுதும் சாதாரணப் பிள்ளைகள் வீதிக்கு வந்தார்கள். எதிர்த்து 648 ஓட்டு. ஆதரித்து 14. சட்டம் செத்தது!

ஜெயித்தது மட்டும் கதை இல்லை. மியூனிக் நகராட்சி 2003-இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்தது. பத்து வருஷம் பாடுபட்டு மாறியது. 2017-இல் அதே நகர மன்றம் ஓட்டுப் போட்டுத் திரும்ப விண்டோஸுக்கே போனது. கண் அசந்தால் இதுதான் கதி.

நாம் மட்டும் கண் விழித்தா இருந்தோம்? விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆயுள் முடிந்த 2014-இல் அரசு அலுவலகங்கள் பாஸ் லினக்ஸ் போட வேண்டும் என்று தமிழ்நாடு அரசே சொன்னது. அந்த பாஸ் எங்கோ வெளிநாட்டில் செய்ததல்ல. இதே சென்னையில், சி-டாக் செய்தது. இன்று எந்த அரசு ஆபீசுக்குள் போனாலும் என்ன திரை முகத்தில் விழிக்கிறது என்று உங்களுக்கே தெரியும். கேட்டோமா? நின்றோமா? பக்கத்து மாநிலத்தில் ஆசிரியர் சங்கம் நின்றது. கேரளப் பள்ளிகளில் இன்றும் கட்டற்ற மென்பொருள் ஓடுகிறது. நாம் எடிட்டர் விம்மா ஈமாக்ஸா என்று விடிய விடியச் சண்டை போட்டோம். நன்றாகத்தான் போட்டோம்.

போதும்!

ஐஐடி வாசலிலிருந்து இந்தக் குப்பம் எவ்வளவு தூரம்? அடையாறு பகுதியைத் தாண்டினால் வந்துவிடலாம். சென்னை லினக்ஸ் குழு அந்த வளாகத்தில் மாதா மாதம் கூடியிருக்கிறது. தரமணியில் எத்தனை ஆயிரம் பேர் உட்கார்ந்து யார் யாருக்கோ நிரல் எழுதுகிறோம். சனி ஞாயிறானால் எலியட்ஸ் பீச்சுக்கு வந்து சுண்டல் சாப்பிடுகிறோம். வடக்கே பத்து நிமிஷம் நடந்திருக்கிறோமா?

இப்போது நடங்கள். விடியற்காலை வாருங்கள். ஃபைபர் படகு கரை ஏறும் நேரம். நாலு பேர் தோள் கொடுத்துத் தள்ளுகிற அந்த மணல் சரிவு, அது ஓர் இடம். அதற்குப் பின்னால் வலையைப் பிரித்து, நண்டு கடித்த கண்ணைத் தைத்துக்கொண்டிருக்கிறார்களே, அது ஓர் இடம். ஏலம் கூவுகிற இடம். ஐஸ் பெட்டி வரிசை. சாலையோரம் பலகை போட்டு அக்காமார் மீன் விற்கும் இடம். கருவாடு காயும் இடம். எல்லையம்மன் கோயில். அடையாற்று முகத்துவாரத்தில் மழைக்காலத்தில் ஒரு மாதிரியும் கோடையில் ஒரு மாதிரியும் நகர்கிற மணல் திட்டு.

செயற்கைக்கோள் மேலிருந்து பார்த்தால் இதெல்லாம் என்ன? காலி மணல். காலி மணல் என்று எழுதினால் அடுத்த வரியில் சாலை என்று எழுதலாம். முகத்துவாரத்து உடைந்த பாலத்தை ஒட்டிப் பட்டினப்பாக்கத்திலிருந்து பெசன்ட் நகருக்குச் சாலை போடும் பேச்சு எத்தனை முறை எழுந்தது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். இந்தக் கரை காலி மணல் இல்லை என்று எழுதுங்கள். நீங்கள் எழுதுங்கள்.

பயமாக இருக்கிறதா? வழி இருக்கிறது. இந்தக் குப்பத்து மீனவர் சரவணன், கடலுக்கும் போய், கரையையும் அளந்து வரைந்து, அதிகாரிகள் எதிரில் அதை விரித்துக் கேள்வி கேட்டவர். மீன்பிடிக்கப் போகிற மனிதருக்கு இருந்த துணிச்சல், மென்பொருளையே பிழைப்பாக வைத்திருக்கும் நமக்கு இல்லையா?

2004 டிசம்பர் 26 நினைவிருக்கிறதா? இந்தக் கரையையும் அந்தச் சுனாமி அலை அடித்தது. இலங்கையில் கடல் கொண்டுபோனவர்களைத் தேட, முகாம்களைக் கணக்கெடுக்க மென்பொருள் இல்லை. அந்த நாட்டுப் பிள்ளைகள் யாருக்கும் காத்திருக்கவில்லை. இரவு பகலாக எழுதினார்கள். சஹானா என்ற பேரிடர் மென்பொருள் பிறந்தது. கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டதால் மறுவருடமே காஷ்மீர் நிலநடுக்கத்துக்குக் கை கொடுத்தது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் நாமும் செய்தோம். அடையாறு ஊருக்குள் புகுந்த அந்த நாட்களில், எந்தத் தெருவில் தண்ணீர் என்று ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் மேல் மக்களே குறித்தார்கள். அடுத்த வருஷமே, 2016-இல், அனுமதியில்லாமல் வரைபடத் தரவு வைத்திருந்தால் 100 கோடி வரை அபராதம், 7 வருஷம் வரை சிறை என்று ஒன்றிய அரசு ஒரு மசோதா வரைவைக் கொண்டுவந்தது. கூச்சல் போட்டோம். மசோதா சட்டமாகவில்லை. கூச்சல் போட்டதால்தான், தோழர்களே!

என்ன செய்ய வேண்டும்? கேளுங்கள்.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு கதை முடிந்துவிட்டது. உங்கள் வீட்டில் ஒரு லேப்டாப் தூங்குகிறது. குப்பத்து வீடுகளிலும் டிவி பக்கத்தில் துணி போர்த்தி அரசு கொடுத்த லேப்டாப் தூங்குகிறது. எழுப்புங்கள். லினக்ஸ் போடுங்கள். வரைபடம் வரைய கியூஜிஐஎஸ் போடுங்கள். காசு வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம், யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம். போனில் தடம் பதிக்க ஓஎஸ்எம்ஆண்ட் போட்டு ஊர் எல்லையைச் சுற்றி நடங்கள். நடந்த தடத்தை ஊரிலேயே, ஊர்ப் பிள்ளைகள் கையாலேயே ஏற்றுங்கள். நீங்கள் வரைந்து கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். கற்றுக்கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஒன்றே ஒன்று எச்சரிக்கை. ஊர்ப் பஞ்சாயத்தைக் கேட்காமல் ஒரு புள்ளியும் வைக்காதீர்கள். கடலுக்குள் எங்கே பாறை, எங்கே மீன் நிற்கும், வன்னித் தண்ணி என்கிற நீரோட்டத்தில் எங்கே வலை விட வேண்டும் என்பது இவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த சொத்து. அதை எடுத்து உலகத்துக்குத் திறந்து வைக்க நமக்கு அதிகாரம் இல்லை. எது வெளியே போகலாம், எது போகக் கூடாது என்று ஊர் சொல்லட்டும். எல்லாவற்றையும் திற என்று அரசிடம் கேட்போம். ஊரிடம் கேட்க மாட்டோம்.

குப்பத்துத் தம்பிகளே, தங்கச்சிகளே! உங்கள் தாத்தாவை உட்கார வையுங்கள். ஆயாவை உட்கார வையுங்கள். பழைய கரை எங்கே இருந்தது, கட்டுமரம் எங்கே ஏறியது என்று கேளுங்கள். உடனே வரைபடத்தில் போடுங்கள்.

கம்பெனி என்ன சொல்லுமோ என்று யோசிக்கும் தோழரே! பேர் போட வேண்டாம், வாருங்கள். கமாண்ட் லைன் தெரியாதே என்று தயங்கும் தோழரே! நடக்கத் தெரியும் அல்லவா, வாருங்கள். ஒரு ஆள் வராததால் என்ன ஆகிவிடும் என்று கேட்கும் தோழரே! எண்ணூரைக் கேளுங்கள்.

நாம் வரைவோம். நாம் அளப்போம். நாம் கேட்போம். தரவைத் திறந்த வடிவில் கொடு! கோடு போட்ட கணக்கைக் கொடு! பொதுப் பணத்தில் செய்த மென்பொருளின் நிரலைக் கொடு!

வரும் ஞாயிறு, விடியற்காலை 5 மணி, படகு ஏறும் இடம். வரைந்து முடித்ததும் ஊர் கையெழுத்தோடு சைதாப்பேட்டை பனகல் மாளிகைக்குப் போகிறோம். கடற்கரை மண்டல ஆணையத்தின் மேஜையில் நம் வரைபடத்தை வைக்கிறோம். வாங்கிக்கொண்டதற்கு முத்திரை போட்ட ரசீது பெறாமல் அந்தப் படிக்கட்டை விட்டு இறங்கப்போவதில்லை.